ஓம், அது அம்மாதான்

படத்தில் ஏதோ ஒரு பிழை இருந்தது. என்ன பிழை என்று கஜந்தினிக்கு உடனே பிடிபடவில்லை.

அக்கா மேனுஷா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்த படம் அது. இத்தாலியில் கயேத்தா என்றொரு பழைய கடற்கரைப் பட்டினம். அதன் ஒடுங்கிய கல் தெரு ஒன்று. இரண்டு பக்கமும் காவி மங்கிய சுவர்கள், மாடிக்கு மாடி கயிறு கட்டிக் காயப்போட்ட உடுப்புகள், தெரு முடிகிற இடத்தில் ஒரு துண்டுக் கடல். நடுவில் அக்கா, புதிதாக வாங்கிய வெள்ளைக் கோட்டோடும் கறுப்புக் கண்ணாடியோடும் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய கையைப் பிடித்தபடி ஜதுர்ஷிகா. ஜதுர்ஷிகா அக்காவின் பிள்ளை இல்லை, கஜந்தினியின் பிள்ளை. எட்டு வயது.

பிழை பிள்ளையின் மற்றக் கையில் இருந்தது. ஒரு கை பெரியம்மாவின் கைக்குள். மற்றக் கை சும்மா தொங்கவில்லை. தோளளவுக்கு உயர்ந்து, விரல்கள் எதையோ சுற்றி மடங்கி நின்றது. வளர்ந்த ஒருவரின் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளையின் கை எப்படி இருக்குமோ, அப்படி. அந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. கல் தெருவும் அதன் மேல் விழுந்த மத்தியான வெயிலும்தான் இருந்தன. படம் எடுத்தது அத்தான் புவனேந்திரன், ஆகவே அது அவராகவும் இருக்க முடியாது.

கஜந்தினி விரல்களால் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். மடங்கிய அந்தச் சின்ன விரல்களின் நுனி வெளுத்திருந்தது. இறுக்கிப் பிடித்தால்தான் அப்படி வெளுக்கும். படம் எடுக்கும்போது பிள்ளைகள் ஆயிரம் சேட்டை விடுவார்கள்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனைக் கோட்டுப் பொக்கற்றுக்குள் போட்டாள்.

அவள் நின்றுகொண்டிருந்தது லண்டனில், அக்காவின் வால்தம்ஸ்டோ வீட்டு ஹோலில். ஒக்டோபர் கடைசி, குளிர்காலத்துக்கென்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளி வைத்த கிழமை. வேலை முடிந்து வரும்போதே இருட்டிவிடுகிறது. அயல்வீட்டுப் படியில் ஹலோவீனுக்குக் கண்ணும் வாயும் வெட்டிய பூசணிக்காய் ஒன்று மெழுகுதிரியை விழுங்கிக்கொண்டு இளித்தது. உள்ளே, ஆளில்லாத வீட்டுக்கே உரிய சத்தங்கள்: ஹீற்றர் குழாய் சூடேறும்போது எழுப்பும் சொடுக்கு, பிரிட்ஜின் முனகல், மேல்மாடிப் பலகை எங்கோ தன்பாட்டில் நெளிந்து அடங்கும் சத்தம். துடைத்து வைத்த வீட்டின் எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறியது. அந்த வாசனையே கஜந்தினிக்குப் பிடிக்காது.

விளக்கு வைக்கத்தான் வந்திருந்தாள். சாமியறையில் ஒரு பின்னேரமும் விளக்கு வைக்காமல் விடக்கூடாது என்பது அக்காவின் சட்டம். ஊரார் பல்லெல்லாம் மருந்தூசி போட்டுப் பிடுங்குகிற டொக்டர், இந்த விஷயத்தில் மட்டும் ஒரு விட்டுக்கொடுப்பும் இல்லை. வீட்டுத் திறப்பைக் கையில் வைக்கும்போதே சொல்லித்தான் வைத்தாள்:

"விளக்கு வைக்கேக்க வாயைத் திறக்காதை கஜா. அந்த நேரம் சொல்லுறது பலிச்சுப்போம். வழக்கம்போல புறுபுறுத்துக்கொண்டு நிண்டிடாதை."

ஊர் சுற்றப் போகிறவர்களின் வீட்டுக்கு ஈஸ்ட் ஹாமிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து விளக்கு வைப்பது யார்? லீவு கிடைக்காத தங்கச்சி. அதிலும், கஜந்தினிக்கு லீவு கிடைக்குமா கிடைக்காதா என்று அக்கா கேட்கக்கூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறும் கணவாய்க் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அரைத் தவணை விடுமுறைக்கு இத்தாலிக்கு மூன்று டிக்கெற் போட்டாயிற்று என்றாள். தனக்கு, அத்தானுக்கு, ஜதுவுக்கு. "உன்ர கெயார் ஹோமில லீவு தரமாட்டினம் எண்டு எனக்குத் தெரியும்தானே, அதுதான் கேக்கேல்லை." பிள்ளை கதிரையிலிருந்து துள்ளிக் குதித்துப் பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தாய் எழும்பிப் போய்க் கோப்பை கழுவினாள்.

பொறாமை என்ற சொல்லைக் கஜந்தினி தன் வாயால் சொல்லமாட்டாள். "மனம் ஒரு மாதிரிக் கிடக்கு" என்பாள். நமக்கென்ன, சொல்லலாம். அது பொறாமைதான், கலப்படமில்லாத பொறாமை. அக்காவின் வீட்டின் மேலோ, காரின் மேலோ அவளுக்கு அவ்வளவு இல்லை. மேல்மாடியில் ஓர் அறைக்கு ஊதா நிறம் அடித்து, நிலாவும் நட்சத்திரமும் போட்ட திரை மாட்டி, பிள்ளையில்லாத அக்கா அதை "ஜதுவின்ர அறை" என்று சொல்லும்போதுதான் வயிறு எரிந்தது. ஈஸ்ட் ஹாமில் கடைக்கு மேலே இருக்கும் பிளற்றில் பிள்ளைக்கு இருப்பது ஒரு கட்டில் மட்டும் கொள்கிற அறை. வெள்ளிக்கிழமை வந்தால் "பெரியம்மா வீட்டை போவமா?" என்பதுதான் முதல் கேள்வி. பெற்றவள் நான், வளர்க்கிறவள் நான், பிள்ளையின் முகம் மலர்வது அங்கே. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சாமியறையில் திரியைத் தூண்டி, நெருப்புக்குச்சியைத் தட்டும்போது போன் அடித்தது. வீடியோ கோல். அக்காவின் நம்பர், ஆனால் திரை முழுக்க ஜதுவின் மூக்கு.

"அம்மா! என்ன செய்யிறீங்கள்?"

"விளக்கு வைக்கிறன் குஞ்சு. நீ சாப்பிட்டியா?"

"தியெல்லா சாப்பிட்டனான். ரொட்டி மாதிரி, உள்ளுக்க ஒக்டோபஸ். பெரியம்மா எனக்கெண்டு ஸ்பெஷலா வாங்கித் தந்தவ." பிள்ளை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, ஒரு சீக்ரெட் சொல்லட்டே? நேற்று ஒரு மலைக்குப் போனனாங்கள். அது நடுவால வெடிச்சுக் கிடக்கு. உள்ளுக்க இறங்கிப் போகலாம், கீழ கடல். அங்கயிருந்து வரேக்க ஆரோ என்ர மற்றக் கையைப் பிடிச்சவை. இன்னும் விடேல்ல."

"ஆர் பிடிச்சது?"

"காணேலாது. குளிர்ந்த கை. ஆனா விரல் எல்லாம் உங்கட மாதிரி." பிள்ளை கமராவுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தாள். "அம்மா, இஸ் இட் யூ?"

இல்லை என்ற சொல் கஜந்தினியின் நாக்கு நுனிவரை வந்தது. வந்த அதே நேரம் பின்னாலிருந்து அக்காவின் குரல், தேனில் தோய்த்து எடுத்த குரல், கேட்டது: "ஜதுக் கண்ணா, பெரியம்மாட்ட ஓடி வாங்கோ, ஐஸ்கிரீம் சாப்பிடப் போவம்!" பிள்ளையின் முகம் பாதி அந்தப் பக்கம் திரும்பியது.

அந்தப் பாதி முகம் திரும்பியதைத்தான் கஜந்தினியால் பொறுக்க முடியவில்லை.

"ஓம் குஞ்சு," என்றாள். "அது அம்மாதான். உன்னைத் தனிய விட்டிட்டு அம்மா இருப்பனே? கையை விடாதை. பெரியம்மாட்ட சொல்லாதை, என்ன?"

பிள்ளையின் முகம் முழுவதுமாக இந்தப் பக்கம் திரும்பிப் பூத்தது. பல மாதமாகக் கஜந்தினி காணாத சிரிப்பு அது. கையில் அணைந்து கருகியிருந்த குச்சியைக் கண்டபோதுதான், தான் இன்னும் விளக்கு ஏற்றவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் வந்த படங்களை அவள் வேலை செய்யும் முதியோர் கெயார் ஹோமின் சமையலறையில் நின்று ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கயேத்தாவுக்குப் பக்கத்தில் ஸ்பெர்லொங்கா என்று, குன்றின் மேல் சுண்ணாம்பு வெள்ளையாக ஓர் ஊர். அதற்குக் கீழே, ஏதோ ஒரு ரோமச் சக்கரவர்த்தி விருந்து வைத்த கடற்குகை, கழுத்தும் கையும் உடைந்த சிலைகள், பச்சைத் தண்ணீர் தேங்கிய பழைய மீன் குளம். எல்லாப் படத்திலும் பிள்ளை அக்காவை விட்டு விலகி நின்றாள். முதல் படத்தில் ஒரு கை தூரம். அடுத்ததில் ஓர் ஆள் தூரம். குளத்தடிப் படத்தில் அக்கா ஒரு கரையில், பிள்ளை மறு கரையில். உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்து, யாருடைய இடுப்பிலோ தலை சாய்த்தது போல நின்றாள். பக்கத்தில் ஒன்றுமில்லை. அப்படிச் சரிந்து நின்றால் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை.

இதைப் பார்த்து ஒரு தாய் பயந்திருக்க வேண்டும். கஜந்தினி பயப்படவில்லை என்று சொல்லமுடியாது. ஆனால் அதற்குள் அக்காவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. "பிள்ளை என்னோட ஒட்டுறாளே இல்லை. ஊட்டினால் வாயை மூடுறாள். நீ ஏதும் சொன்னனியோ?" அதைப் படித்ததும் பயம் போன இடம் தெரியவில்லை. பஸ்ஸில் மறுபடி படித்தாள். "நான் என்ன சொல்லப் போறன்? பிள்ளைக்குத் தாயின்ர நினைப்பு வந்திருக்கும்" என்று பதில் போட்டாள். போட்டுவிட்டு, யன்னல் கண்ணாடியில் தன் முகம் சிரிப்பதைக் கண்டாள்.

அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு அவள் உடனே போகவில்லை. விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கும் பொன் விளிம்புக் கோப்பையை அலுமாரியிலிருந்து எடுத்துத் தேத்தண்ணி ஊற்றினாள். அக்காவின் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு குடித்தாள். பாதி குடிக்கும்போது வாசம் வந்தது. முதலில் சிங்கில் ஏதோ கிடந்து பழுதாகிவிட்டது என்று எண்ணினாள். சிங்க் பளிச்சென்று கிடந்தது. வாசம் சமையலறையில் இல்லை, படிக்கட்டில் இருந்தது: பாசி பிடித்த கல், கரையில் ஒதுங்கி அழுகிய சாதாளைக் கடற்புல், வெயிலே படாத ஓர் இடத்தில் எப்போதும் தேங்கி நிற்கும் உப்புத் தண்ணீர். எலுமிச்சை வாசனையை அது மெல்ல மெல்லத் தின்றுகொண்டு கீழே இறங்கி வந்தது.

படி ஏறினாள். ஊதா அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கட்டிலின் ஸ்பிரிங் ஒருமுறை கிறீச்சிட்டது. இருந்தவர் எழும்பும்போது வருகிற சத்தம். கதவைத் தள்ளி லைற்றைப் போட்டாள். ஒருவருமில்லை. நிலாத் திரை அசையவில்லை. கட்டில் விரிப்பின் விளிம்பில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தைச் சுற்றி ஈரம். கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்து கிடந்தது. ஈரத்தைத் தொட்டு விரலை மூக்கில் வைத்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, நாக்கில் வைத்தாள். உப்பு.

கோப்பையைக் கழுவாமலே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினாள்.

வியாழக்கிழமை விளக்கடியில் நிற்கும்போது அக்காவே எடுத்தாள். குரலில் தேன் இல்லை. அழுதழுது அடைத்த குரல்.

"கஜா, பயப்படாதை, பிள்ளை இப்ப என்னோடதான். ஆனா இவ்வளவு நேரமும் காணேல்லை."

"என்ன? எங்க போனவள்?"

"திரும்பவும் அந்த மலைக்குப் போகவேணும் எண்டு ஒரே அழுகை, கூட்டிக்கொண்டு போனம். மலையில இருக்கிற கிறிஸ்தவக் கோயிலடியில கையை உதறிட்டு ஓடிட்டாள். குகைக்கு இறங்கிற படி ஒண்டு இருக்கு, கடலுக்குப் போறது. இண்டைக்குக் கேற் பூட்டு. பெரிய இரும்புக் கேற், கஜா. பிள்ளை கேற்றுக்கு அங்கால. கீழ, கடைசிப் படியில, தண்ணிக்குள்ள காலை வச்சுக்கொண்டு இருக்கிறாள். காவலாளி வந்து பூட்டைத் திறந்துதான் எடுத்தது. எப்பிடிப் போனனீ எண்டு கேட்டால், அம்மா கூட்டிக்கொண்டு போனவ எண்டுறாள்." அக்கா மூச்சு வாங்கினாள். "நீ என்ன சொல்லிக் குடுத்தனி அவளுக்கு?"

சொல்லியிருக்கலாம். அந்த நேரம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கலாம். ஆனால் அக்காவிடம் போய், உன் மேல் இருந்த எரிச்சலில் இப்படியொரு பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? ஆயுசுக்கும் அதைச் சொல்லிச் சொல்லியே மெல்வாளே.

"பிள்ளையிட்டக் குடு," என்றாள்.

போன் கை மாறியது. சின்ன மூச்சுச் சத்தம். அதற்குப் பின்னால் இன்னொரு மூச்சு, நீளமாக.

"ஜது, அம்மா கதைக்கிறன். வடிவாக் கேள். உன்ர கையைப் பிடிச்சிருக்கிறது அம்மா இல்லை. நான் சும்மா சொன்னனான். அம்மா லண்டனில, பெரியம்மா வீட்டை நிக்கிறன். அந்தக் கையை விடு. இப்பவே விடு."

பிள்ளை சிரித்தாள். இரகசியம் தெரிந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு.

"நீங்கள் இப்பிடித்தான் சொல்லுவீங்களாம்."

"ஆர் சொன்னது?"

"அம்மா."

கஜந்தினி சுவரைப் பிடித்தாள். சுவர் ஈரம். போனுக்குள், பிள்ளையின் வாய்க்கு மிகப் பக்கத்தில், யாரோ பேசினார்கள். மெல்லிய குரல். கொஞ்சம் கரகரப்பு, சளி பிடித்து மாறாத தொண்டை. கெயார் ஹோமில் நாள் முழுக்கக் கத்தியதால் வந்த கரகரப்பு. அவளுடைய குரல்.

"கதைச்சது காணும் குஞ்சு. போனை வை."

பிள்ளை போனை வைத்துவிட்டாள்.

விளக்கு எரிந்தது. மேலே ஊதா அறையில் காலடி. ஈரக் காலடி. ஒன்று. பிறகு ஒன்று. படி விளிம்புவரை வந்து நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோட்டை எடுக்கவில்லை. கதவைப் பூட்டவில்லை. தெருவில் நின்றுதான் மூச்சு விட்டாள்.

அன்றிரவு கணவன் ரதீசன் பார்சல் வான் ஓட்டிக் களைத்து வந்து இருந்தபோது எல்லாவற்றையும் கொட்டினாள். பொய் சொன்னதை மட்டும் விட்டுவிட்டுக் கொட்டினாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"உனக்கு எரிச்சல், கஜா. பிள்ளை உன்ர அக்காவோட சந்தோசமா நிக்கிறது உனக்குப் பொறுக்கேல்லை. ஆளில்லாத வீட்டில தனிய நிண்டு கண்டதையும் யோசிச்சால் எல்லாம் கேக்கும்தான்."

பாதி உண்மை. வெள்ளிக்கிழமை அவள் விளக்கு வைக்கப் போகவில்லை. குழுவில் படமும் வரவில்லை.

சனிக்கிழமை கற்விக் விமானநிலையத்தில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை திரும்பி வந்தால் சரி. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், தலை முழுக வார்த்து, மடியில் போட்டுக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். அக்காவிடம்கூட இனி விடப் போவதில்லை. இந்த எண்ணத்தைப் பற்றிக்கொண்டுதான் இரண்டு நாளும் கிடந்தாள். கதவு திறந்தது. அத்தான் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அக்காவின் முகம் ஒரு கிழமையில் பத்து வயது கூடியிருந்தது. பிள்ளை முன்னால் வந்தாள், கன்னம் சிவந்து, வெயிலில் கறுத்து, ஒரு குறையும் இல்லாமல். ஒரு கை தோளளவுக்கு உயர்ந்திருந்தது.

"ஜது!" கஜந்தினி குனிந்து இரண்டு கையையும் விரித்தாள்.

பிள்ளை நின்றாள். வீட்டுக்கு வந்த பெரியவர்களைப் பார்க்கும் மரியாதையோடு பார்த்தாள்.

"ஹலோ அன்ரி," என்றாள்.

கஜந்தினிக்கு முதலில் வந்தது பயமில்லை. நேரே அக்காவின் முகத்தைத்தான் பார்த்தாள், அங்கே எங்காவது ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று. "நீதானே பழக்கினனி? என்னை அன்ரி எண்டு சொல்லச் சொல்லி நீதானே பழக்கினனி?"

"உனக்கு விசரே?" மேனுஷா அவ்வளவு சனத்துக்கும் நடுவில் அழத் தொடங்கினாள். "ரெண்டு நாளா என்னோட ஒரு சொல்லும் கதைக்கேல்லையடி அவள். இரவிரவாக் கதைக்கிறாள். ஆரோடயோ கதைக்கிறாள். நான் கதவடியில நிண்டு கேட்டனான், கஜா. பதில் வருது."

காரில் அக்கா முன்னுக்கு ஏறினாள். பின்னால் ஒரு யன்னலோரம் பிள்ளை, மறு யன்னலோரம் கஜந்தினி. நடு இருக்கை வெறுமை. அத்தான் காரை எடுத்ததும் டிங், டிங் என்று அடிக்கத் தொடங்கியது. பின்னால் யாரோ பெல்ற் போடவில்லை என்று திரையில் சிவப்பாக ஒரு உருவம். நடு இருக்கை.

"நடுவில ஏதும் பாரமா வச்சனீங்களே?" என்றார் அத்தான்.

"ஒண்டுமில்லை," என்றாள் கஜந்தினி.

"அப்ப சென்சர் பிழை."

டிங். டிங். மோட்டார்வேயில் ஏறியும் நிற்கவில்லை. பிள்ளை சலித்துக்கொண்டு, எட்டி, நடு இருக்கைப் பெல்ற்றை இழுத்தாள். அது சப்பையாகச் சரியவில்லை. ஏதோ ஒன்றைச் சுற்றி, வயிறளவு அகலத்துக்கு, புடைத்து நின்றது. கிளிக். சத்தம் நின்றது. அத்தான் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. கஜந்தினி கதவோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். இருக்கை மெத்தை அவளுடைய பக்கமாக மெல்லச் சரிந்தது. தொடையோரம் காற்சட்டை நனைந்தது. குளிர்ந்த உப்புத் தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை ரதீசனோடு சிரித்தாள், அப்பா என்றாள், அவனுடைய தோளில் ஏறினாள். "பாத்தியே, ஒண்டுமில்லை," என்றான் ரதீசன். கஜந்தினி ஊட்டப் போனால், "தாங்க் யூ அன்ரி, அம்மா தந்தவ," என்று தள்ளி இருந்தாள். விளையாட்டு, இரண்டு நாளில் மறந்துவிடும் என்று ரதீசன் சொன்னான். இரவு பிள்ளை தன் அறைக் கதவைத் தானே சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடம் தொடங்கும் நாள். ரதீசன் விடியமுன்னமே வான் எடுத்துப் போய்விட்டான். கஜந்தினி பாணை வாட்டி வைத்தாள், பால் சூடாக்கினாள், சீருடையை மினுக்கிப் பிள்ளையின் அறை வாசலில் மாட்டினாள். பிள்ளைக்குத் தலை பின்ன வேண்டும். தினமும் காலையில் அதுதான் பெரும் போர். நெளிவாள், குழறுவாள், "நோகுது அம்மா" என்று அரைப் பின்னலோடு ஓடுவாள். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் பிள்ளை தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இருப்பாள், தலை தன் கையில் இருக்கும். அக்காவுக்குப் பின்னத் தெரியாது. அது தனக்கு மட்டும் உரியது. இன்றைக்கு அதைச் செய்தால், அந்தக் கூந்தல் கையில் வந்தால், பிள்ளையும் வந்துவிடுவாள்.

சீப்பையும் றிபனையும் எடுத்துக்கொண்டு போனாள். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. பாசி வாசம். விரலால் தள்ளினாள்.

பிள்ளை நிலத்தில் இருந்தாள், கட்டிலுக்கு முதுகு காட்டி. சீருடை போட்டு, கையை மடியில் வைத்து. அசையாமல். ஒருநாளும் அப்படி அசையாமல் இருந்ததில்லை. கண் மூடியிருந்தது. தலை சற்றுப் பின்னால் சாய்ந்திருந்தது. ஒரு பக்கப் பின்னல் முடிந்து தோளில் கிடந்தது.

மறுபக்கம் பின்னிக்கொண்டிருந்தது.

கட்டில் விளிம்பில் பள்ளம். பள்ளத்தில் ஒருவரும் இல்லை. மூன்று பிரிக் கூந்தல் காற்றில் நின்றது. ஒன்று எழுந்தது. மற்றதன் மேல் விழுந்தது. இறுகியது. மற்றது எழுந்தது. ஒவ்வொரு இறுக்கத்துக்கும் ஈரம் பிழிந்து சீருடையின் முதுகில் சொட்டியது. பிள்ளை முகம் சுளிக்கவில்லை. வகிடு நூல் பிடித்தது போல நேராக இருந்தது. கஜந்தினியால் ஒருநாளும் அவ்வளவு நேராக எடுக்க முடிந்ததில்லை.

அவள் பயந்துதான் நின்றாள். ஆனாலும், கடவுளே, அந்தப் பின்னலின் வடிவைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.

சீப்பு கையிலிருந்து விழுந்தது.

பின்னல் நின்றது. மூன்று பிரியும் அந்தரத்தில், விலகி, இறுக்கிப் பிடித்தபடி. கட்டில் ஸ்பிரிங் மெல்ல முனகியது. பள்ளம் கதவுப் பக்கமாகத் திரும்பியது. அதோடு சேர்ந்து, பிடித்திருந்த கூந்தல் இழுத்த பக்கம், கண் மூடிய பிள்ளையின் முகமும் மெல்ல, மெல்லத் திரும்பியது, சிரித்துக்கொண்டு.